சுல்தான் பிறந்தநாளில் வந்த திதி

மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. பன்னிரண்டு வருஷமாகக் காலையில் ஆட்களைப் பேர் சொல்லி அழைப்பதும், துரையின் கோபத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வதும்தான் என் உத்தியோகம். வருஷத்தில் தோட்டம் முழுக்க மூடுகிற நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று செப்டம்பரில் வரும் சுல்தான் பிறந்தநாள். ரப்பர் விலை சரிந்து கிடந்த வருஷங்களில் எங்கும் நகர முடியவில்லை. இந்த வருஷம்தான் ஜொகூர் பாருவுக்குப் போய் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, ஒரு மூக்குக் கண்ணாடியும் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். அங்கே போக நினைக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பாதிக்கு மேல் என் சொந்தக் கதையாகப் போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலிருந்து ரெங்கம் ஸ்டேஷன் நாலு மைல். ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்தால் ஏழுக்குள் போய்விடலாம். முதல்நாள் மழை பெய்திருந்தால் அரை மணி கூடவே வைத்துக்கொள்ளுங்கள், செம்மண் செருப்பை விடாது. ரயில் ஏழு இருபதுக்கு. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு வெள்ளி பதினைந்து காசு. கடல் பக்கம் வேண்டுமென்றால் வலது கைப் பக்கம் உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். லாயாங் லாயாங், கூலாய், சீனாய் என்று கடைசிவரை இரண்டு பக்கமும் ரப்பரும் காடும்தான்.

பெட்டியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சந்தைக்கும் வேடிக்கைக்கும் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருவர் முகத்திலும் வேடிக்கைக்குப் போகிற களை இல்லை. மடியில் பித்தளைச் செம்பு, வாழைப்பழம், துணியில் முடிந்த எள். எதிரே உட்கார்ந்திருந்த சன்னாசியைக் கேட்டேன். பால் வெட்டுகிறவன், கொஞ்சம் வாயாடி.

"என்னடா இது, கோயிலுக்கா?"

"இல்லீங்கய்யா. இன்னிக்கு நம்ம லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் திதி. எங்கப்பாவுக்கு, அந்த மூலையில இருக்குற கருப்பாயி புருஷனுக்கு, அந்தா அந்த ரெண்டு பேரோட அண்ணனுக்கு. கடலோரம் போயி எள்ளுந்தண்ணியும் விட்டுட்டு வருவோம். மூணு வருசமா வழக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் ஒரே நாளிலா செத்தார்கள்? திதிக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாமா? எவன் சொன்னான் உங்களுக்கு?"

சன்னாசி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்கதானேய்யா சொன்னீங்க. கருப்பாயிகிட்ட."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, ஓடுகிற ரப்பர் மரங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அவன் சொன்னது உண்மை. கருப்பாயியின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருஷம், திதிக்கு ஒரு நாள் லீவு கேட்டு அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அன்று காலையில்தான் துரையிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் அவள்மேல் திரும்பியது. "உன் புருஷனுக்காகத் தோட்டத்தை மூட முடியுமா? சுல்தான் பிறந்தநாளுக்குத் தோட்டமே மூடுது, அன்னிக்குக் குடு. ஊரெல்லாம் கொடி கட்டிக் கொண்டாடுவாங்க," என்றேன். ஆபீஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைத்தான் பன்னிரண்டு பேர் சாஸ்திரமாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷமாக ரயில் ஏறுகிறார்கள். அன்றைக்கு நான் பேசியது குறும்பு இல்லை, கொடுமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. என் அம்மா ஊரில் இறந்து நாலு வருஷம் ஆகிறது. தம்பி எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அழுதுகொண்டே எழுதினானோ என்னவோ, எந்த நாள் என்று எழுத மறந்துவிட்டான். திரும்பக் கேட்டதற்கு "தேய்பிறை என்று ஞாபகம்" என்று பதில் போட்டான். நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுக்கலாம் என்பார்கள். அமாவாசைக்குத் தோட்டத்தில் லீவு ஏது? சரியான நாள் தெரியட்டும், முறையாகச் செய்வோம் என்று தள்ளித் தள்ளி, நாலு வருஷமாக அம்மாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் நான் விடவில்லை. பஞ்சாங்கம் பார்த்த நான் இப்படி. பாராதவர்கள் அப்படி.

பத்து ஐந்துக்கு ஜொகூர் பாரு. ஸ்டேஷனிலிருந்து அணிவகுப்புத் திடலுக்கு நடந்தே போகலாம். தெருவெல்லாம் தோரணம், கொடி. போலீஸ் பேண்டு பிரமாதமாக இருந்தது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஆட்களோடு மேற்கே ஒன்றரை மைல் கடலோரம் நடந்துகொண்டிருந்தேன். ஏன் கூடப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

போய்ச் சேரும்போது பதினொன்று. கடல் வற்றி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே முழங்கால் அளவு சேறு. முன்னால் போன சன்னாசி ஒரு காலை வெளியே இழுக்க மறு கால் புதைந்தது. வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் எழுந்து வந்து, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். இறந்தவர்களுக்கு என்று சன்னாசி சொன்னதும் வலையை அப்படியே போட்டுவிட்டார். பக்கத்து ஓடையில் கிடந்த சம்பான் படகில் எங்களை மூணு நாலு பேராக ஏற்றித் தண்ணீருக்குக் கொண்டுபோனார். நாலு தடவை போய் வந்தார். கூலி கொடுத்ததற்கு, சுல்தான் பெருநாள் அன்று இதற்கெல்லாம் வாங்கமாட்டேன் என்று கையை ஆட்டினார். தன் அப்பா ஜாவாவிலிருந்து படகில் வந்தவர் என்றும், நோன்புப் பெருநாளன்று தாங்களும் இறந்தவர்களைப் புதைத்த கபுருக்குப் போய்த் தண்ணீர் தெளிப்போம் என்றும், தாத்தாவின் கபுர் மட்டும் ஜாவாவில் எங்கே என்று தெரியாது என்றும் துடுப்பைப் போட்டபடியே சொன்னார். அவருக்கும் எனக்கும் கடவுள் வேறு, பாஷை வேறு. தெரியாமல் போனது மட்டும் ஒன்றாக இருந்தது.

கடைசி நடையில் நானும் கருப்பாயியும் இருந்தோம். அவளுக்கு மகன் கிடையாது, அவளே எள்ளைக் கையில் எடுத்தாள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போய்ச் சேருமில்லீங்களா ஐயா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முடியவில்லை. "கருப்பாயி, அன்னிக்கு நான் கேலியாத்தான் சொன்னேன். அது சாஸ்திரமில்ல. என்னை மன்னிச்சுடு."

அவள் எள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கேலின்னு அன்னிக்கே தெரியுங்கய்யா. ஆனா எனக்கு நாள் வேணுமே. நீங்க சொன்னதுல நாளை மட்டும் எடுத்துக்கிட்டேன். மிச்சத்த அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவள் தண்ணீர் விட்டு முடித்தாள். பிறகு, "ஒங்களுக்கு யாருமில்லீங்களா?" என்றாள்.

"அம்மா. நாள் தெரியாது."

மீதி எள்ளை என் உள்ளங்கையில் கொட்டினாள். "இன்னிக்குக் குடுங்க."

அம்மா பேரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்பது அதைச் சொல்லும்போதுதான் தெரிந்தது. மூன்று தடவை தண்ணீர் விட்டேன். அழுதேன். படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முறையாக நடந்ததா என்று கேட்டால் இல்லை. அம்மா வாங்கிக்கொண்டாளா என்று கேட்டால், வாங்கிக்கொண்டாள் என்றே நம்புகிறேன்.

இனி போகிறவர்களுக்கு. கடல் எப்போது ஏறும் என்று ஸ்டேஷன் பக்கத்தில் யாரிடமாவது விசாரித்துக்கொண்டு போங்கள். செம்பும் எள்ளும் வாழையிலையும் தோட்டத்திலிருந்தே கொண்டுபோவது நல்லது, அன்று கடைகள் பாதி மூடியிருக்கும். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ராவுத்தர் கடையில் சோறும் மீன்குழம்பும் பதினைந்து காசு, வயிறு நிறையும். திரும்பும் ரயில் நாலரைக்கு, ரெங்கம் வரும்போது ஏழேகால். மூக்குக் கண்ணாடி வாங்க நேரமிருக்காது.

லீவு கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முடியாதென்றால் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நான் சொன்னதில் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள எனக்கு ஒரு கருப்பாயி இருந்தாள்.