கைக்காக வாங்கிய கயிறு

நானும் நண்பன் பிரபுவும் சிட்லபாக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் பைக்கில் கோவளம் போய், எங்கள் சின்னப் பாய்மரப் படகைப் போட்டிகளுக்காக ஓட்டிப் பழகுவோம். படகைத் திருப்பும் சுக்கான் அவன் கையில். பாயை இறுக்கித் தளர்த்தும் கயிறுகள் என் கையில். பழைய கயிறுகள் நைந்துபோனதால், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், மெல்லிசாக வாங்கச் சொல்லி அவனிடம் விட்டிருந்தேன்.

அந்த ஞாயிறு படகில் போய்ப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. ஒன்று தடி, ஒன்று மெல்லிசு, ஒன்று சொரசொரப்பு, இன்னொன்றின் நுனியில் பெரிய முடிச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னடா இது? தடிக் கயிறு கப்பியில சிக்கும். கலரும் இல்ல. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிரபு என்னைப் பார்க்காமல் சொன்னான். "கலர் இருந்தா மட்டும்? போன ரேஸ்ல சிவப்ப இழுன்னேன் மச்சான். நீ பச்சைய இழுத்த. கவுந்தோம்."

என் பார்வை மங்கிக்கொண்டே போகும், திரும்பாது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் மறைத்திருந்தேன். பைக் ஓட்டுவதை நிறுத்தியதற்குக்கூட முதுகுவலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

"வேற ஆளப் பார்த்துக்கோடா" என்றேன்.

"கண்ண மூடு" என்றான். என் கையை எடுத்து ஒவ்வொரு கயிற்றின் மேலும் வைத்தான்.

அடுத்த போட்டியில் தடிக் கயிறு சிக்கத்தான் செய்தது. கடைசியாகத்தான் வந்தோம். இன்னும் எவ்வளவு காலம் ஓட்டுவேன் என்று எனக்கும் தெரியாது, அவனும் கேட்டதில்லை. அன்று முழுக்க அவன் ஒரு நிறத்தைக்கூடச் சொல்லவில்லை. "முடிச்சு!" என்று கத்தினான். என் கை நேராக அதில் போய் நின்றது.