டெல்மரின் திமிங்கல முகம்

டெல்மருக்கு முகமூடி செதுக்கத் தெரியும், வெட்கப்படத்தான் தெரியாது.

எங்கள் தீவில் குலம் தாய் வழியில் வரும்; ஒவ்வொரு குலத்தின் விலங்கும் பெயர்களும் அந்தக் குலத்துக்கே சொந்தம். அவன் அம்மா தவளைக் குலம் என்பதால் அவனும் தவளைதான். ஆனால் கடைக்காரர்கள் தவளையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று, அப்பா குலத்தின் கொலைத் திமிங்கலத்தைச் செதுக்கத் தொடங்கினான். விற்றதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். திமிங்கலமே தன் முன்னோர் என்று சொல்லி, அந்தக் குலத்தின் பெயரொன்றைச் சூட்டிக்கொள்ளவும் விருந்து வைத்தான்.

ஊர்க்கூடத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு ஆடினான். நான் மீன் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு கைத்துண்டும் ஜாம் பாட்டிலும் கொடுக்க வந்தான். எங்கள் வழக்கப்படி அதை வாங்கிக்கொண்டால் அவன் சொன்னதற்குச் சாட்சி நின்றதாக ஆகும்.

முதல் துண்டைத் தன் அப்பாவின் அக்கா வெர்னாவிடம் நீட்டினான்.

"வாங்கிக்குங்க அத்தே."

"எதுக்குடா?"

"இனிமே நானும் உங்க குலந்தானே!"

"அத்தைன்னாலே வேற குலந்தானே, என் குலம்னா நான் எப்படிடா உனக்கு அத்தை ஆவேன்? நீ பொறந்தப்ப உங்கம்மா பக்கத்துல நின்னவ நான். வெளிய வந்தது தலைப்பிரட்டைதான்."

கூடமே சிரித்தது. வெர்னா சூப்பைக் குடித்து முடித்து, துண்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். மற்றவர்களும் அப்படியே போனார்கள். டெல்மருக்குப் பெயர் கிடைக்கவில்லை. துண்டுகளை அவனே வண்டியில் ஏற்றினான்.

இன்றும் பட்டறையில் திமிங்கலம்தான் செதுக்குகிறான். கை துடைப்பது அந்தத் துண்டுகளில்.