பயிற்சியில் நான் அண்ணன்

அப்பா இறந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. யார் யாருக்குத் தகவல் சொன்னேன் என்பது ஒரு வரி, பள்ளிக்கு விடுப்புச் சொன்னது இன்னொரு வரி. காரியங்கள் முடிந்து மாதங்கள் போன பிறகும் அதற்கு மேல் எழுத எதுவும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன். எந்த வேலையும் தவறவில்லை. எதுவும் என்னைத் தொடவும் இல்லை.

அப்படி இருந்தபோதுதான் அஸ்தம்பட்டியில் நடந்த பணியிடைப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். சட்ட எழுத்தறிவும் தகவல் தொடர்பும் என்பது தலைப்பு. ஆசிரியர்கள் கற்றுக்கொண்டு போய், அவரவர் பள்ளியில் தாய்மார்களைக் கூட்டிச் சொல்லவேண்டும். புதனும் வியாழனும் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்கு நான் முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று, ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் நிலத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். தகப்பன் போனதும் பெண்மக்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். பதிவு முடிந்ததும் அண்ணன் தாம்பாளத்தில் பட்டுப்புடவை வைத்துக் கொடுப்பான். அதற்குப் பிறகும் அவன் வீடு அவளுக்குத் தாய்வீடாக இருக்கும். அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக நின்று எல்லாம் செய்வான். என் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் எங்கள் உறவில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்த நிலத்தில் ஒரு சிறிய வீடு கட்டிக்கொள் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். தென்னை வரிசை முடியும் இடத்தைக் காட்டவும் செய்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம் கேட்டபோது, "உன்ற அண்ணன், உன்ற நெலம். நீயே பாத்துக்க" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். கையெழுத்துப் போடவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை, கூடாது என்றும் நினைக்கவில்லை. பல் மருத்துவரிடம் போகும் நாளைக் குறிப்பதுபோல வெள்ளிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தேன்.

பயிற்சி கொடுக்க வந்த வக்கீல் அம்மா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தகப்பன் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று பலகையில் எழுதினார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோரும் எழுதிக்கொண்டோம். எனக்குப் பின்னால் இருந்த தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார்.

"இதப் போயி தாய்மாருங்ககிட்டச் சொன்னா, அவிங்க ஊட்டுக்காரங்க தடியத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துருவாங்களுங்க மேடம்."

"நீங்க ஏன் சார் பயப்படறீங்க? எப்படியும் லேடி டீச்சரத்தான் முன்னாடி நிக்க வெப்பீங்க."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வியாழன் மதியம் நடித்துக் காட்டும் பயிற்சி. தங்கை பங்கு கேட்கவேண்டும், அண்ணன் மறுக்கவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அண்ணன் வந்தது. தங்கை, பனமரத்துப்பட்டியிலிருந்து வந்திருந்த இளம் தற்காலிக ஆசிரியை.

"அண்ணா, அப்பா நெலத்துல எனக்கும் பங்கு இருக்குதில்ல?" என்று ஆரம்பித்தாள்.

"இருக்குது சாமி. ஆரு இல்லைன்னா? மொதல்ல உக்காரு. சாப்புட்டயா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"சாப்பாடெல்லாம் ஆச்சு. பங்கு..."

"நான் பத்தாவதோட நின்னு காட்டுல எறங்குனதாலதான நீ காலேசுக்குப் போன? நான் ஒரு நாளாச்சும் சொல்லிக் காட்டிருப்பனா?"

"இல்லீங்க. ஆனா..."

"உனக்கு மாசமானா சம்பளம். எனக்குத் தண்ணி வந்தாத்தான் சோறு."

"அது சரிதாங்கண்ணா. ஆனா சட்டப்படி..."

"சட்டமா வந்து உன்ற புள்ளைக்கு மாலை போடப்போவுது?"

அவள் என்னையே பார்த்தாள். "அய்யோ, நான் கையெழுத்துப் போட்டர்றனுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். "அண்ணனாவே மாறிட்டீங்க மேடம்" என்றார் வக்கீல் அம்மா. நன்றி சொன்னேன்.

தேநீர் குடிக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. படிப்பைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் என் அண்ணன் எப்போதோ சொல்லியிருக்கிறார். மாலையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அதை நானே அவருக்காகச் சொல்லியிருந்தேன்.

தேநீருக்குப் பிறகு ஆள் மாறி நின்றோம். இப்போது நான் தங்கை. "என்ன தங்கச்சி, இவ்வளவு தூரம்?" என்றாள் அந்தப் பெண், மீசையை முறுக்குவதுபோல விரலை வைத்துக்கொண்டு. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நடிப்பு என்று நினைத்துச் சிலர் பாராட்டினார்கள். வக்கீல் அம்மா மட்டும் அருகில் வந்தார்.

"நியாயம் பேச வேணாம் மேடம். உங்களுக்கு எது தெரியணுமோ அத ஒரே ஒரு கேள்வியாக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. நம்மள்ல பாதிப் பேரு கேள்வியக் கேட்டுட்டு, பதிலயும் நாமே சொல்லிடறோம்."

மற்றக் குறிப்புகளோடு அதையும் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தர் கடையில் அண்ணனும் அண்ணியும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். அண்ணியின் மடியில் துணிக்கடைப் பை இருந்தது. "வா சாமி. பஸ்ஸுல நின்னுட்டே வந்தயா?" என்று அண்ணன் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாக என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துத் தந்தார்.

பேனாவைத் திறந்தேன். பிறகு கேட்டேன்.

"நான் இதுல கையெழுத்துப் போடலீன்னா, புள்ளைக்கு மாலை போட வருவீங்களாண்ணா?"

"இதென்ன பேச்சு?" என்றார் அண்ணி. "நாங்க எப்ப அப்படிச் சொன்னோம்?"

"சொல்லலீங்கண்ணி. நான் அண்ணனக் கேக்கறேன்."

அண்ணன் சாலையைப் பார்த்தார். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால், சும்மா கேட்டேன் என்று சிரித்திருப்பேன். அன்று பேசாமல் இருந்தேன்.

"தெரியல பாப்பா" என்றார் கடைசியில். "நானு அப்படி நெனச்சே பாக்கல. தெரியல."

வருவேன் என்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். வரமாட்டேன் என்றிருந்தாலும் மகளை நினைத்துப் போட்டிருப்பேன். தெரியல என்ற பதிலுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடினேன்.

"அப்ப இன்னிக்கு வேண்டாமுங்கண்ணா. உங்களுக்குத் தெரிஞ்ச பொறவு பாக்கலாம்."

"படிச்ச திமிரு" என்று அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தேதிய மட்டும் அப்பறமா மாத்திக்கலாமுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் எழுத்தர். அண்ணன் வண்டியை எடுத்தார். "வா, பஸ் ஸ்டாண்டுல உட்டர்றேன்" என்றார் என்னிடம். பின்னால் அண்ணி உட்கார்ந்திருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தார். வண்டி போய்விட்டது.

மறுநாள் என் பள்ளியில் தாய்மார்கள் கூட்டம். சட்டம் சொல்வதைச் சொன்னேன். முன்வரிசையில், குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க உங்க பங்க வாங்கிட்டீங்களா?"

"இல்லைங்க. விட்டுக் குடுக்கவும் இல்லை."

"அப்ப அந்தரத்துல தொங்கறீங்கன்னு சொல்லுங்க."

"ஆமாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் நன்றாக நடந்தது என்று அறிக்கை அனுப்பினேன்.

முதல் அழைப்பிதழைத் தாம்பூலத்தோடு அண்ணன் வீட்டில்தான் வைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, என் கேள்வியை நான் கேட்டு முடித்திருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணோட மாமன் எங்கீங்க?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று என் கணவர் என் பெரியப்பா மகன் ஒருவரைக் குளித்துத் தயாராக இருக்கச் சொல்லியிருந்தார். மாலை ஈரத்துணியில் சுற்றி மேசைமேல் இருந்தது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்பு அண்ணன் வந்தார். தனியாக வந்தார். மகளுக்கு மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். தாலி கட்டும்வரை மேடையில் ஓரமாக நின்றார். நான் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

பந்தி போட்டபோது தேடினேன். சாப்பிடாமலே போய்விட்டார் என்று சொன்னார்கள். வந்தவர்களைக் கவனிக்கப் போனேன்.

பத்திரத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. நிலம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. தீபாவளிக்கு அண்ணன் போன் செய்தார். மாப்பிள்ளை பிள்ளையை நல்லபடியாக வைத்திருக்கிறாரா என்று கேட்டார். வைத்திருக்கிறார் என்றேன்.

"ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாரேன்" என்றார்.

"வாங்கண்ணா" என்றேன். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.