மண்டபத்தூர் வழியாக அறுநூறு கிலோமீட்டர்

தன்னந்தனியாக அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கத் தயாராவதை ஒரு தொழில் என்று வைத்துக்கொண்டால், அதில் கூலி கிடையாது, ஏச்சு மட்டும் தினசரி உண்டு.

கால் வலியையும் ஊர் வாயையும் சேர்த்துச் சுமந்த சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாயிரத்துகளின் கடைசியில் சென்னையில் சிலர் இதை ஆரம்பித்தார்கள். பந்தயம் என்று பேர்தானே தவிர, முதல் பரிசு இரண்டாம் பரிசெல்லாம் இல்லை. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பஞ்சர் ஆனால் நாமே ஒட்ட வேண்டும். பசித்தால் பையில் இருப்பதையோ, வழியில் கடையில் கிடைப்பதையோ தின்ன வேண்டும். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் யாரும் பாதையில் நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடு மண்டபத்தூர். அப்பாவுக்குக் கடல் தொழில். ஏறக்குறைய ஒரு வருஷம், விடிவதற்கு முன்னும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மிதித்தேன். அதில் வாங்கிக் கட்டிக்கொண்டதில் சில இங்கே.

சீட்டுக்குப் பின்னால் ஒரு பை

விடியற்காலையில் எங்கள் புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிப் பக்கம் போவேன். நம்ம ஊரில் சரக்கு விலை குறைவு என்பதும், அதை எந்தெந்த ரூபத்தில் எல்லை கடத்துவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பால் கேன், ஸ்டெப்னி டயர், குழந்தைத் தொட்டில் என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்த போலீஸ்காரர்களுக்கு நான் புது தினுசாகப் பட்டேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு பை, முன்னால் ஒரு பை, நடுவில் இரண்டு பாட்டில். சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

ஒருத்தர் என்னை இறங்கச் சொல்லி, பையில் இருந்ததை எல்லாம் ரோட்டோரம் ஒரு சாக்கில் பரப்பினார். ட்யூப் இரண்டு, கைப்பம்பு, ஸ்பேனர், கடலை மிட்டாய், மடித்த பனியன். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர். நம்பிக்கை வராமல் தரையில் ஊற்றி, அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆபீஸ் அடையாள அட்டையை நீட்டினேன். அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டு, ரகசியம் கேட்பது மாதிரி கேட்டார்: "கவர்மெண்டு வேலைல வேற இருக்கீங்க. சரக்கு இல்லாம எவனாவது இவ்வளவு தூரம் மிதிப்பானா சார்? நெசத்த சொல்லுங்க, விட்டுர்றேன்."

உடம்பு நன்றாக இருக்கிறது

பெயர் கொடுக்கிறவர்கள் உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். எங்கள் ஆபீஸே வழக்கமாகப் போகிற டாக்டரிடம்தான் நானும் போனேன். என்னைப் பார்த்ததும் பேனாவைத் திறந்துவிட்டார். "வயித்துப்போக்கா, முதுகு வலியா, எத்தனை நாளைக்கு?" என்றார். ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடினார். நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எழுதி முத்திரை குத்திக் கையில் கொடுக்கும்போது வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இத்தன வருஷத்துல நோவு இல்லன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்ட மொத கவர்மெண்டு ஸ்டாஃப் நீங்கதான். இதுவே ஒரு நோவு மாதிரிதான் எனக்குத் தெரியுது."

பேர் இல்லாத பழக்கம்

கலைச்செல்வி, என் மனைவி, என்னைத் தடுத்ததே இல்லை. நான் எழுந்திருக்கும் முன் எழுந்து எள்ளுருண்டை பிடித்துப் பையில் வைப்பாள். அதனால் அவளுக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் வரிசைக்குப் பிறகு சித்தப்பா நான்தான் முன்னால் நிற்க வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமை நான் நிறுத்தாமல் சிதம்பரம் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அதை விட்டால் பயிற்சிக் கணக்குத் தவறும் என்று நினைத்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தனியாகப் போனாள். சாயங்காலம் நான் வந்தபோது பட்டுப்புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். யாராவது கேட்டார்களா என்றேன். கோபமே இல்லாமல் பதில் வந்தது: "குடிச்சுப்புட்டு விழுந்து கெடக்குறாருன்னு சொல்லியிருந்தா, அய்யோ பாவம்னு நாலு பேரு பக்கத்துல உக்காந்து பேசியிருப்பாங்க. சைக்கிள் ஓட்டப் போயிருக்காருன்னேன், எதையோ மறைக்கிறேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பஸ் ஸ்டாப்

வழியில் கிடைத்த இடத்தில் பத்து நிமிஷம் படுத்து, அலாரம் இல்லாமல் எழுந்திருக்கப் பழகுவதும் இதில் ஒரு பயிற்சி. கோயில் வாசல், டீக்கடை பெஞ்சு, பஸ் ஸ்டாப் என்று எதுவும் சரிதான். வேளாங்கண்ணி போகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நான் அப்படி ஒரு பகல் படுத்திருந்தேன். பையைத் தலைக்கு வைத்து, துண்டால் முகத்தை மூடி. துண்டு விலகியிருக்க வேண்டும்.

அந்த மாதம்தான் என் தங்கச்சி தேவகிக்குத் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். மீன் ஏற்றுமதியில் கணக்கு பார்க்கிறவர், நல்ல மாதிரி. இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமா வேளாங்கண்ணிக்குப் போன பஸ் அங்கே நின்றிருக்கிறது. அடுத்த வாரம் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. அப்பாவிடம் தணிந்த குரலில், "பொண்ணு தங்கம்ங்க. ஆனா அண்ணங்காரர் பஸ் ஸ்டாப்புல படுத்துக் கெடக்குறாரு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாருங்க வந்து நிப்பா?" என்றார். நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வந்து விளக்கியிருக்கலாம். எழுந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது தேவகிதான்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். தேவகி பேசினாள், அதுவும் தேவைக்கு. சில மாதம் கழித்து வேறு இடத்தில் அவளுக்கு நிச்சயமானது. வெற்றிலை பாக்கு மாற்றி எல்லோரும் கிளம்பிய பிறகு, தட்டுகளைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஒன்று கேட்டாள்: "கல்யாணத்தன்னிக்கு மட்டும் அந்த சைக்கிள பக்கத்து வீட்டுல வச்சிருண்ணே, செய்வியா?"

திருப்பத்தில் நின்றவர்

அப்பா கட்டுமரத்தில் தொடங்கி, அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர். மகன் வியர்க்காத வேலையில் உட்கார வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த வேலையையும் வாங்கிக்கொண்டு, நான் வேண்டுமென்றே வெளியில் போய் வியர்த்தேன். சம்பந்தம் தவறியதற்கு முன்பே அது அவருக்குப் பொறுக்கவில்லை.

பந்தயப் பாதை சென்னையிலிருந்து கடலோரமாக நாகப்பட்டினம் வந்து திரும்பிப் போவது. அதாவது மண்டபத்தூர்த் திருப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் ரோட்டுக்கு வரக் கூடாது என்று கலைச்செல்வியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் கிளம்பி, தெற்கிலிருந்து அடித்த சோழகக் காற்றை எதிர்த்து மிதித்து, மறுநாள் உச்சி வெயிலில் திருப்பத்துக்கு வந்தேன். டீக்கடை ஓரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, பந்தயம் நடத்துகிறவர்களின் ஆள் ஒருவர் நின்றார். வழியில் யாராவது ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க வந்தவர். எதிர்ப்பக்கம் வெயிலில் அப்பா, கையில் தூக்குவாளியோடு.

"நில்லுடா" என்றார். மாதக்கணக்கில் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை.

நின்றேன். "வாங்கக் கூடாதுப்பா. வாங்குனா எம் பேர அடிச்சிருவாங்க. மிதிச்சதெல்லாம் போயிரும்."

"யாரு அடிக்கிறது?"

கண்ணால் காட்டினேன். அப்பா அந்த ஆளைப் பார்த்தார், பிறகு என் உதட்டைப் பார்த்தார். அது வெடித்து உப்புப் பூத்திருந்தது. "நடுக்கடல்ல பகையாளி படகு நின்னாக்கூட தண்ணி குடுத்துட்டுதான்டா மத்த பேச்சு" என்று மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மிதித்துப் போய்விட்டால், அவர் அவ்வளவு பேர் முன்னால் நிறைந்த வாளியோடு வீட்டுக்கு நடக்க வேண்டும். வாங்கிக் குடித்தேன். சந்தோஷமாகக் குடித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு வருஷம் மடக்கு மடக்காக உள்ளே போவது தெரிந்தது. அப்பா முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அதற்குள் அந்த ஆள் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பையன்தான். என் பேரை அடிக்கப் போகிறவர் என்று தெரிந்தும் அப்பா, அவருக்கும் ஒரு மூடி ஊற்றி, சுட்ட கருவாட்டுத் துண்டையும் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை. இன்னொரு மூடியும் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வழியில் நேரம் குறித்து வாங்குகிற என் பந்தய அட்டையைக் கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு கிழித்துத் திருப்பிக் கொடுத்தார்: "கஞ்சி ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஆசைக்கு நாகப்பட்டினம் வரைக்கும் வேணா ஓட்டிக்குங்க, ஆனா நீங்க இப்ப பந்தயத்துல இல்ல."

ஆகவே சக பாவிகளே, இந்த மாதிரிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன், டயரையும் பிரேக்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாதை சொந்த ஊர் வழியாகப் போகிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துவிடுங்கள்.