அந்தக் காலையில் நான் சிரித்தது

செய்தி வந்தபோது என் கையில் ஊசி இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பொழுது போவதற்காகச் சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். வடக்கே ஒரு ராணுவ முகாமில் அதிகாலையில் துப்பாக்கிச்சூடு, வீரர்கள் நான்கு பேர் பலி என்றது டிவி. முகாமின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாக அங்கேதான் லாரி ஓட்டுகிறார்.

"எம்மா, ஒன் கை நடுங்குதே" என்றார் அண்ணாச்சி.

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கேம்ப்லதான் இருக்காங்க, அண்ணாச்சி."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். "பைய எடு. நான் எங்கயும் ஓடல. எடுத்துட்டுப் போயி அவருக்கு ஃபோனப் போடு."

எப்படியோ எடுத்தேன். இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அவர் முகத்தைச் சுளிக்கவே இல்லை.

வீட்டுக்காரரின் ஃபோன் அணைந்து கிடந்தது. வீட்டில் மாமாவைக் கூப்பிட்டேன். என் மாமியார் இறந்த பிறகு நானும் மாமாவும்தான் வீட்டில்.

"டிவி பாத்தீங்களா, மாமா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." பின்னால் டிவிச் சத்தம் கேட்டது. "நீ வேலையப் பாரும்மா. கூப்பிடுவான்" என்று அவரே வைத்துவிட்டார். அன்று முழுக்க அவர் சட்டை மாட்டி, காலில் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள். எங்கே போவதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

சுட்டது வெளியாள் இல்லை, அதே முகாமைச் சேர்ந்த ஒருவன்தான், பிடித்துவிட்டார்கள் என்று ஒன்பது மணிக்குச் சொன்னார்கள். கூடத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். லீவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்றார் ஒருவர். கிறுக்குப் பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். அண்ணாச்சி எழுந்துபோய் டிவியை அணைத்தார். "ஏ, அந்தப் பிள்ள இங்கனதான் நிக்கி. கொஞ்சம் சும்மா இருங்க வே."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும், போய்ச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு ஃபோன் வரட்டும்" என்றார். முந்தின ராத்திரி எட்டு மணியிலிருந்து சாப்பிடாத சர்க்கரை வியாதிக்காரர். ஒவ்வொரு தடவை நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தபோதும், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

பதினொன்றரை மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏட்டி, நான்தான். நல்லா இருக்கேன். ஃபோனெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க. இது வேற ஆளு ஃபோனு. அப்பாகிட்ட சொல்லிரு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். நான் சிரித்தேன். அழுதிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் வாய்விட்டு, கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அண்ணாச்சிதான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப போயி ரெண்டு இட்லி திங்கட்டுமா?" என்று அனுமதி கேட்டார்.

சாயங்காலம் டிவியில் இறந்தவர்களின் படங்களைக் காட்டினார்கள். மூன்றாவது படத்தில் இருந்தவனை எனக்குத் தெரியும்.

நேரில் பார்த்ததில்லை. ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம் அவனுக்கு. என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டில். நாங்கள் வீடியோவில் பேசும்போது இடையில் தலையை நீட்டுவான். "மதினி, நீங்க அனுப்புன பருப்புப்பொடிய அண்ணன் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. கேட்டாத் தரமாட்டேங்காரு" என்று புகார் சொல்லுவான். அதற்குப் பிறகு இரண்டு பொட்டலமாக அனுப்பினேன். ஒன்றின் மேல் 'தம்பிக்கு' என்று எழுதுவேன்.

காலையில் சிரித்த சிரிப்பு அப்போது எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் அவன் வீட்டிலும் யாராவது ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் அல்லவா?

மறுநாள் என் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். "என்னை இப்ப விடமாட்டாங்க. விசாரண நடக்கு. அவன் வீட்டுக்கு நீ போ. எனக்காக அங்கன போயி நில்லு."

மூன்றாம் நாள் உடல் வந்தது. நானும் மாமாவும் வள்ளியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேர்ந்தோம். காற்றாலைகளுக்கும் பனைகளுக்கும் நடுவே செம்மண் காட்டில் ஊரே திரண்டு நின்றது. கொடி போர்த்திய பெட்டியை இறக்கினார்கள். வரிசையாக நின்ற வீரர்கள் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். முதல் வெடிக்கே அவனுடைய ஒரு வயது மகள் வீறிட்டாள். யார் இடுப்பிலோ இருந்த அவளை வாங்கி, இரண்டு காதையும் என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். இரண்டாவது வெடிக்கு அவனுடைய அப்பா கையை உயர்த்தினார்.

"போதும்யா. எம்புள்ளயச் சுட்டது போதும்."

மூன்றாவது தடவையும் சுட்டார்கள். அது அவர்களுடைய முறை, நிறுத்த முடியாது. முடிந்ததும் வீரர்களோடு வந்திருந்த அதிகாரி அவரிடம் வந்து தொப்பியைக் கழற்றி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்றைக்கு அவன் மனைவியை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது அவளே என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும்.

"அக்கா, பொடி கொடுத்து விடுவீங்களே, அது நீங்கதானா?"

தலையாட்டினேன். பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினதும் நான் சிரிச்சேன்மா. ஊருக்கே கேக்குத மாதிரி சிரிச்சேன்."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "நானும் அன்னைக்குக் காலையில சாமி படத்துக்கு முன்னால நின்னு, இவங்களா இருக்கக் கூடாதுன்னுதான் கும்பிட்டேன். அப்படின்னா வேற யாராவதா இருக்கட்டும்னுதான அக்கா அர்த்தம்? அந்த வேற யாரு, ஒங்க வீட்டுக்காரராக்கூட இருந்திருக்கலாம்." என் புறங்கையின் மேல் தன் கையை வைத்தாள். "இவங்க ஃபோன் பண்ணியிருந்தா நானும்தான் சிரிச்சிருப்பேன். விடுங்க."

என்னை அவள் தேற்றினாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமும் நன்றியும் சேர்ந்தே வருகின்றன.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். சம்பவத்துக்கு முந்தின ராத்திரி தன் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார் என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று. அங்கேயே என் வீட்டுக்காரருக்கு ஃபோனைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் லேசாகப் புன்னகைத்தாள். சப்பாத்தியை ஒதுக்கிவிட்டு, இருந்த கொஞ்சம் சோற்றில் பொடியைப் போட்டுப் பிசைந்து தின்றானாம். மகள் நடக்கிற வீடியோவைச் சமையல்காரர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினானாம்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. மெலிந்து வந்தார். அந்த அதிகாலையில் காய்கறி ஏற்றிவர லாரியை எடுத்துக்கொண்டு போனதால்தான், தூங்கும் அறைக்குள் சுட்டபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. சுட்டவனைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார். "முந்தின ஞாயித்துக்கெழம எங்ககூட வாலிபால் வெளையாடுனவன். கோவம்னு சொல்லுதாங்க, சண்டைன்னு சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியவே இல்லட்டி."

வந்த மூன்றாம் நாளே ராதாபுரத்துக்குப் போக வேண்டும் என்றார். அவனுடைய அப்பா வாசலில் வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பெரியவர் கேட்டார்.

"ஒறங்கிக்கிட்டா இருந்தான்?"

"ஆமா, சித்தப்பா. நல்ல ஒறக்கம்."

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்லா?"

"தெரிஞ்சிருக்காது."

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவன் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தது. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். ரத்தம் எடுக்கும்போது கை நடுங்குமா என்று என்னிடம் கேட்டாள். சில நாள் நடுங்கும், எதிரே இருப்பவர் நல்லவராக இருந்தால் சமாளித்துவிடலாம் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாங்குநேரி தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"நான் பொய் சொல்லலட்டி. லாரிச் சாவி எடுக்க எந்திரிச்சப்ப பாத்தேன். போர்வை கீழ கெடந்துச்சு. எடுத்துப் போத்தி விட்டுட்டுதான் போனேன். அவன் முழிக்கல."