செகண்ட் ஹேண்ட் டீ மெஷினும் என் சந்தேக புத்தியும்

டீ விக்கிற தொழில்ல பால்காரரையும் நம்பக் கூடாது, அவர் எந்த மாட்டு மேல சத்தியம் பண்றாரோ அந்த மாட்டையும் நம்பக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கம்பெனி கம்பெனியா டீ கேன் தூக்கினு போற பொம்பளை நான். என்னை மாதிரி கேன் தூக்கித் தோள்பட்டை போனவங்க இதைப் படிச்சா, பாதியிலயே "ஆமா தாயி"ன்னு சொல்லுவீங்க. மத்தவங்க படிச்சு உஷாராயிக்கோங்க.

கேனுக்கு வந்த ஆபத்து

நான் டீ குடுக்குறதுல பெரிய எடம் ஒரு மோட்டார் பார்ட்ஸ் கம்பெனி. அது கையை விட்டுப் போச்சுன்னா மத்த சின்னக் கம்பெனி டீயெல்லாம் கேஸ் சிலிண்டருக்கே பத்தாது. பொண்ணு வேற அப்பதான் காலேஜ்ல சேர்ந்திருந்தா. அந்த நேரம் பாத்து அங்க புதுசா ஒரு ஹெச்.ஆர். சார் வந்தார். வந்தவர் என் கேன் மூடியைத் தொறந்து, செத்த எலியைத் தேடுற மாதிரி உள்ள எட்டிப் பாத்தார்.

கேன் சுத்தம் சார், தினம் வெந்நீர் ஊத்திக் கழுவுறேன் சார்னு எவ்வளவோ சொன்னேன். மனுஷன் கேக்கல. "கேன் டீ எல்லாம் இனிமே வேணாம்மா. வர்ற திங்கக்கிழமை மெஷின் வெச்சா காண்ட்ராக்ட் உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க."

அத்திப்பட்டு மெஷின்

புது மெஷின் வாங்குற வசதி நமக்கு ஏது? செல்லுல விளம்பரம் தேடினேன். அத்திப்பட்டுல ஒருத்தர் போட்டோ போட்டிருந்தார், பளபளன்னு கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. நேர்ல போனா, டீ தயாரா ஊத்தி வெச்சு உபசாரம் பண்றார். எனக்கு அங்கயே பொறி தட்டிச்சு. மெஷின் மேல கை வெச்சுப் பாத்தேன், கொதிக்குது. நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டு சூடு ஏத்தி வெச்சிருக்கார்!

பழைய மெஷினை ஜில்லுன்னு இருக்கும்போதுதான் பாக்கணும். நானும் விடல, ஆஃப் பண்ணுங்க, ஆறட்டும், அப்புறம் போட்டுக் காட்டுங்கன்னு உக்காந்துட்டேன். அவர் மூஞ்சி செத்துப்போச்சு. ஆறினதுக்கப்புறம் ஸ்விட்சைப் போட்டா, அது உர்ருன்னுச்சு, அழுதுச்சு, சொட்டுத் தண்ணி வரல. அவர் கொஞ்சம்கூட வெக்கப்படாம என்னைப் பாத்து சொன்னார்: "புது ஆளப் பாத்தா அது அப்பிடித்தான்க்கா, கொஞ்சம் கூச்சப்படும்."

சுரண்டின ஸ்டிக்கர்

அடுத்தது நம்ம ஊரு பஜார் பக்கமே ஒரு பேக்கரிக்காரர். மெஷின் ஜில்லுன்னு இருந்துச்சு, ஸ்விட்ச் போட்டதும் ஒழுங்கா சூடாச்சு, டீயும் வந்துச்சு. ஆனா பக்கவாட்டுல ஒரு எடத்துல மட்டும் பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு. யாரோ பிளேடு வெச்சு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு.

நம்ம தொழில்ல இருக்குறவங்களுக்கு இது தெரியும். டீ பவுடர் விக்கிறவங்க டெபாசிட் வாங்கினு மெஷினைக் கடைக்குக் குடுத்து வெப்பாங்க. பவுடர் அவங்ககிட்டயே வாங்கணும், மெஷினும் அவங்களுதுதான். இந்த ஆளு அடுத்தவன் மெஷினை எனக்கு விக்கப் பாக்குறார். இது யாரு மெஷினுன்னு நேராவே கேட்டேன். கொஞ்சம் தலையைச் சொறிஞ்சார். அப்புறம் கொரலைத் தாழ்த்தி, "எடுத்துக்கினு போங்க. அவங்க வந்து கேட்டா என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க"ன்னார்.

வெள்ளிக்கிழமை சாஸ்திரம்

கெடு நெருங்கிப் போச்சு. எனக்கோ ராத்தூக்கம் இல்ல. வெள்ளிக்கிழமை காக்களூர்ல ஒரு பெரியவர் ஊட்டுக்குப் போனேன். அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் எதிர்ல டீக்கடை வெச்சிருந்து மூடிட்டவர். மெஷின் ஹால்ல ஒரு மூலையை அடைச்சினு நிக்குது. ஜில்லுன்னு இருந்துச்சு, போட்டதும் சூடாச்சு, டீ அருமை. நான் கேக்காமலே, "மூணாவது பட்டன் வேலை செய்யாதும்மா"ன்னு அவராவே சொன்னார்.

தன் பொருள் குறையைத் தானே சொல்றவன் உலகத்துல உண்டா? சின்னதைக் காட்டி பெருசை மறைக்கிறார்னு மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தேன். ஒண்ணும் கெடைக்கல. சரி, இப்பவே வண்டியில ஏத்துறேன்னா, வெள்ளிக்கிழமை ஊட்டுப் பொருளை வெளிய அனுப்ப மாட்டாராம், லட்சுமி போயிடுமாம். ஆஹா, வேற எவனோ அதிகமா கேட்டிருக்கான், அதான் இழுக்கிறார்னு முடிவே பண்ணிட்டேன். அட்வான்ஸை நீட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினார். வெள்ளிக்கிழமை காசு மட்டும் வாங்கலாமான்னு கேட்டேன். "குடுக்கத்தான் கூடாதும்மா. வர்ற லட்சுமிய வேணாம்னு சொன்னா பாவமாச்சே!"

சனிக்கிழமை இரும்பு

அவருக்கு வெள்ளி ஆகாது, எங்க ஊட்டுக்காரருக்கு சனி ஆகாது. குட்டி யானை லோடு வண்டி ஓட்டுறவர் அவர், அதுலதான் மெஷினை ஏத்தியாகணும். சனிக்கிழமை இரும்பு வாங்கினா சனியே ஊட்டுக்குள்ள வந்த மாதிரின்னு வண்டியை எடுக்க மாட்டேன்ட்டார். இது இரும்பு இல்லய்யா, எவர்சில்வருன்னேன். "மேல எவர்சில்வரு, சரி. உள்ள இருக்குற ஸ்க்ரூ இன்னா, வெள்ளியா?"ன்னு திரும்பிக்கினு படுத்துட்டார்.

அன்னிக்கு பூரா எனக்கு பேஜாரா இருந்துச்சு. காக்களூர் பெரியவர் வேற ஆளுக்குத் தள்ளி விட்டுட்டா? நான் அட்வான்ஸைத் தேடுவேனா, காண்ட்ராக்டைத் தேடுவேனா? போன் போட்டு, மெஷின் இருக்குதான்னு கேட்டேன். இருக்குதுன்னார். வாய் வார்த்தையை நம்புறதா? ஆன் பண்ணி சத்தத்தைக் கேக்க வையுங்கன்னேன். வெச்சார். சாயந்திரம் மறுபடியும் கேட்டேன். பெருமூச்சு விட்டுட்டு வெச்சார். அடுத்த தடவை அவரே முந்திக்கினார்: "பொண்ணு எடுக்குறவங்ககூட இப்படி விசாரிக்க மாட்டாங்கம்மா. பேசாம தூங்கு, என்னையும் தூங்க விடு."

கேட்டுல நின்ன மெஷின்

ஞாயித்துக்கிழமை ராகுகாலம் வர்றதுக்குள்ள மிச்சக் காசைக் குடுத்து மெஷினை ஏத்தினு வந்தோம். திங்கக்கிழமை காலையில கம்பெனி கேட்டுல வண்டியை நிறுத்துறோம், செக்யூரிட்டி பில்லு கேக்குறார். கடைக்காரர்கிட்ட வாங்கினா பில்லு இருக்கும், ஊட்ல வாங்கினதுக்கு ஏது? "எங்கேந்து தூக்கினு வந்தீங்க?"ன்னார், பட்டப்பகல்ல. ஊரையே சந்தேகப்பட்ட என்னை ஒருத்தர் திருடின்னு பாக்குறார்! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹெச்.ஆர். சாருக்கு போன் போட்டா, டீ டைமுக்கு மெஷின் உள்ள இருக்கணும், மத்தது செக்யூரிட்டி பாடுன்னு வெச்சுட்டார்.

வேற வழியில்லாம காக்களூருக்கு போன் போட்டேன். பெரியபாளையம் வழியா மொபெட்ல அவ்ளோ தூரம் அவர் வருவார்னு எனக்கு நம்பிக்கையே இல்ல. டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னாடி புழுதியோட வந்து எறங்கினார். ஆயுத பூஜைக்கு மாலை போட்ட மெஷின் பக்கத்துல அவர் நிக்கிற போட்டோவைக் காட்டினார். செக்யூரிட்டி அதையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்து, "போட்டோவுல முடி இருக்குது, ஆளு மொட்டையா இருக்குறாரே"ன்னார். போன வாரம்தான் திருத்தணியில முடி குடுத்தேன்னு பெரியவர் சத்தியம் பண்ணார். நம்பல. கடைசியில பெரியவர் செக்யூரிட்டி ரூம் பிளக்குலயே மெஷினை மாட்டி, கண்ணை மூடினு ஒரு டீ போட்டுக் குடுத்தார். குடிச்சுட்டு, இன்னொரு கப்பும் வாங்கிக் குடிச்சுட்டு, கேட்டைத் தொறந்தார்.

மணி அடிக்கும்போது மெஷின் உள்ள நின்னுச்சு. ஹெச்.ஆர். சார் டீக்கு நின்ன வரிசையைப் பாத்துத் தலையை ஆட்டினார். அப்பாடான்னு உக்காந்தேன். ஆனா புத்தி போவுதா? காசு முழுசா வாங்கிட்ட மனுஷன், ஒரு போனுக்கு இவ்ளோ தூரம் ஓடி வருவாரா? இதுல ஏதோ இருக்குதுன்னு அவரையே கேட்டேன். நெத்தி வேர்வையைத் தொடச்சுக்கினு சொன்னார்: "மெஷின் இருந்த மூலையில என் ஊட்டுக்காரம்மா பீரோவை வெச்சுட்டாம்மா. இது திரும்பி வந்தா, அவ என்னைத்தான் வெளிய வெப்பா."

நம்ம தொழில்ல யாரையும் நம்பக் கூடாதுதான், ஆனா காலியான மூலையில பீரோவை வெச்சுட்ட பொம்பளையை மட்டும் கண்ணை மூடினு நம்பலாம்.