காய்ச்சல்காரருக்கு எடுத்து வைத்த சூப்

கெல்யோகாசா கிராமத்தில் சிப்ரியானோவுக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. லாமா மந்தை மேய்த்தவன், சந்தையில் மூட்டை தூக்கியவன், எங்கெங்கோ பொறுக்கிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஆகிவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரன். கணவாயில் நின்று மூன்று கோக்கா இலைகளை விரலிடுக்கில் பிடித்து மலைச்சாமியைக் கூப்பிட்டானென்றால் வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் உருளைக்கிழங்கு தோண்டும் மாதமும் வெள்ளைக்காரர்கள் வரும் மாதமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. அதுதான் வினை.

சிப்ரியானோவின் மகளுக்கு முதல் முடி கத்தரித்தவன் மெல்சோர். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கொம்பாத்ரே என்றுதான்; முடி கத்தரித்தவன் அங்கே கூடப்பிறந்தவனுக்குச் சமம். போன வருஷம் சிப்ரியானோவின் வயலில் மெல்சோர் நாள் முழுக்கத் தோண்டிக் கொடுத்தான். இந்த வருஷம் இவன் அங்கே போய்த் தோண்ட வேண்டும். ஆய்னி என்று அவர்கள் சொல்லும் கைமாற்று வேலை அதுதான்.

"திங்கக்கிழமை வந்துடு கொம்பாத்ரே. வரிசைல என் பக்கத்து எடம் உனக்குத்தான்" என்று மெல்சோர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டணத்து ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. கனடாக்காரத் தம்பதி, ஒரு நாள் நடை. முடியாது என்றால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். சிப்ரியானோ சரி என்று சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"எனக்குக் காய்ச்சல்னு நாளைக்கு அங்க சொல்லிடு, சிமோனா."

"உன் பொய்ய நான் ஏன் சுமக்கணும்? நீயே போய்ச் சொல்லு."

"நானே நடந்து போய்ச் சொன்னா காய்ச்சல்னு எவன் நம்புவான்?"

சிமோனா காலையில் கொண்டுபோக வேண்டிய கூடையை எடுத்து வைத்தாள். தோண்டுவது ஆண்கள், பொறுக்குவது பெண்கள். அவள் போனாலும் அவன் இடம் காலியாகத்தான் இருக்கும். அது இருவருக்குமே தெரியும்.

வழக்கமான பாதை மெல்சோரின் வயலை ஒட்டிப் போகும். அன்றைக்கு மட்டும் சிப்ரியானோ மேலே உள்ள பழைய கற்பாதையில் ஏற்றினான், இன்கா ராஜாக்கள் போட்டது, காட்சி அருமையாக இருக்கும் என்று சொல்லி. கனடாக்கார அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு திட்டில் உட்கார வைத்து, வழக்கமான பிரசங்கத்தை அவிழ்த்துவிட்டான்.

"எங்க ஊர்ல கூலிக்கு ஆள் வெக்கிற பழக்கமே கெடையாதுங்க. இன்னிக்கு உன் வயல்ல நான், நாளைக்கு என் வயல்ல நீ. வராம ஏமாத்துறவன எங்காளுங்க மனுஷனாவே மதிக்க மாட்டாங்க."

வாய் தன்பாட்டில் பேசி முடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் காது கேட்டது. முகம் சுட்டது. நல்லவேளை, அந்த உயரத்து வெயிலில் எல்லார் முகமும் சிவந்துதான் இருக்கும்.

"அங்க பாருங்க, புகை!" என்று அம்மாள் எழுந்து நின்றாள்.

கீழே மெல்சோரின் வயல். மண்கட்டிகளை அடுக்கிச் சூளை மூட்டி, அதற்குள் கிழங்கைப் போட்டு, சூளையை அதன் மேலேயே இடித்து மூடியிருந்தார்கள்.

"அது சும்மா சருகு எரிக்கிறாங்க" என்றான்.

"கிழங்கு சுடுற வாசனை இங்க வரைக்கும் வருதே!" என்றார் அவள் கணவர்.

"அவங்களுக்கு அந்நியர் வந்தா பிடிக்காது."

"இவ்வளவு நல்ல ஜனங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அதற்கு மேல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுப்பது? ஏஜென்சி கொடுத்த சிவப்பு ஜாக்கெட் அரை மைல் தூரத்துக்குத் தெரியும். கழற்றிப் பைக்குள் திணிக்கலாமா என்றுகூட யோசித்தான், பாவி. இறங்கினார்கள்.

மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சிமோனா மட்டும் நிமிரவில்லை. தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே பொறுக்கிய மண்ணையே மறுபடி துழாவினாள். தோண்டுகிறவர்களின் வரிசையில் மெல்சோருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குத் தோண்டாத மண் நீளமாகக் கிடந்தது.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. மெல்சோரின் மனைவி ஹசிந்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். விருந்தாளிக்கு விரிக்கும் நெசவுப் போர்வையை விரித்தாள். தம்பதி உட்கார்ந்தார்கள். சிப்ரியானோ வேலைக்காரர்களோடு வெறும் மண்ணில் உட்காரப் போனான்.

"ஐயோ, அங்க வேணாம். உடுப்பு அழுக்காயிடும். போர்வைல உக்காருங்க தொரை" என்றாள்.

தொரை! வெள்ளைக்காரனைக் கூப்பிடுகிற சொல். பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

உட்கார்ந்தான். வேறென்ன செய்வான்? விருந்தாளிகளுக்குச் சுட்ட கிழங்கும் பாலாடைக்கட்டியும் வந்தன. அவனுக்கு மட்டும் துணி சுற்றிய சின்னப் பானை வந்தது.

"காய்ச்சல்காரருக்கு சூப்பு. சிமோனா கிட்டக் குடுத்தனுப்ப எடுத்து வெச்சேன். நீங்களே வந்துட்டீங்க. சூடா குடிங்க."

ஆட்டுக்கறி சூப். தோண்டுகிற யாருக்கும் அன்றைக்குக் கறி கிடையாது. அவன் அதை எப்படி விழுங்கினான் என்பது அவனுக்கே தெரியாது.

அம்மாளுக்கு ஒரே உற்சாகம். மெல்சோரைக் காட்டி, "இவர்கிட்டக் கேளுங்க. வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்கள என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

அம்மாள் காத்திருந்தாள். ஊரே காத்திருந்தது. கடைசியில் சிப்ரியானோ தலையைக் குனிந்துகொண்டு, தங்கள் கெச்சுவா மொழியில் அதை அப்படியே கேட்டான்.

மெல்சோர் நெற்றி வியர்வையை வழித்தான்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம்னு சொல்லுங்க. உக்கார வெச்சு நல்லாச் சாப்பாடு போடுவோம்."

அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது.

"எவ்வளவு பெரிய மனசு!" என்று அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் சிப்ரியானோ மண்வெட்டியோடு அந்த வயலில் நின்றான். தன் பங்கு மண்ணை ஒண்டியாக மதியத்துக்குள் தோண்டினான். சாயங்காலம் வரை மூட்டைகளைச் சுமந்து மெல்சோர் வீட்டில் சேர்த்தான். மெல்சோரும் கூடவே சுமந்தான்.

கடைசி மூட்டையை இறக்கியதும் சிப்ரியானோ துணிந்து, "கொம்பாத்ரே... நான் பண்ணது தப்புதான். மனசுல வெச்சுக்காத" என்றான்.

"தப்பென்ன இருக்கு? ஒரு நாள் நான் தோண்டினேன், ஒரு நாள் நீங்க தோண்டிட்டீங்க. சரியாப் போச்சு."

வழக்கமாக இந்த இடத்தில் வேறொரு பேச்சு வரும். உன் வயல் என்றைக்கு, நான் வருகிறேன் என்று வரும். யாரும் யாரோடும் கணக்கை முடிப்பதில்லை அங்கே. ஒரு நாள் பாக்கி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், அதுதான் உறவு. சிப்ரியானோ அந்தப் பேச்சுக்காக நின்றான். வரவில்லை.

"எங்க வயலு வியாழக்கிழமை" என்று அவனாகவே சொன்னான்.

"கூலிக்கு ஆள் வெச்சுக்கங்க. உங்களுக்கு என்ன கொறைச்சல்?" என்று சொல்லி மெல்சோர் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு சிப்ரியானோ வேறு எந்த வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. கேட்க நா எழவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தோண்ட வருகிறவர்களுக்கு ஊற்றும் சோளக் கள்ளுப் பானையைக் கழுவிக்கொண்டே சிமோனா கேட்டாள்.

"நாளைக்கு எத்தன பேருக்கு சமைக்கணும்?"

"நம்ம மூணு பேருக்கு" என்றான்.